மூன்று ஃபவுல், மூன்று காரணம்: இளம் விளையாட்டு வீரர்களின் மனத்திடம் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன வருடம் பள்ளிகளுக்கான குறுவட்ட விளையாட்டுப் போட்டி ஒன்றில் நீளம் தாண்டுதலுக்கு அளவுநாடா பிடிக்கப் போயிருந்தேன். அதில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கலந்துகொண்டாள். பயிற்சியில் நாலரை மீட்டருக்குக் குறையாமல் தாண்டுகிறவள். அன்றைக்கு வந்திருந்தவர்களில் வேறு யாரும் நாலேகால் மீட்டரைத் தொடவில்லை. இவள் ஜெயிப்பது நிச்சயம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முதல் வாய்ப்பில் நல்ல வேகம், நல்ல தாவல். ஆனால் கால், எம்பும் பலகையைக் கடந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பதிந்திருந்தது. அது ஃபவுல், அந்தத் தாவல் கணக்கில் வராது. சிவப்புக் கொடி. இரண்டாவது வாய்ப்பில் பலகையை நெருங்கும்போது நடை தடுமாறியது. வழக்கமாக எம்பும் இடது காலுக்குப் பதிலாக வலது காலில் எம்பினாள், அதுவும் பலகையைத் தாண்டி. மறுபடி சிவப்புக் கொடி. மூன்றாவதற்குக் கிளம்பும் இடத்தில் வெகுநேரம் நின்றாள். வேலியோரம் நின்றிருந்த அப்பாவை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், இது முடிந்து தொலைந்தால் போதும் என்பதுபோல ஓடி வந்தாள். கொடி தூக்குவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் மூன்று வாய்ப்புகளில் முன்னணியில் இருக்கும் எட்டுப் பேருக்குத்தான் அடுத்த மூன்று வாய்ப்பு கிடைக்கும். அவள் பெயருக்கு நேரே ஓர் அளவுகூட எழுத முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "திறமை இருக்கு, தில் இல்ல" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

மைதானங்களில் நான் அதிகம் கேட்ட தீர்ப்பு இதுதான். தில் இல்லை, மனசு வீக், பிரஷர் தாங்கவில்லை. ஆனால் இதைக் கேட்ட பிள்ளை அடுத்த நாள் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. "உடம்பு சரியில்லை" என்று போனால் டாக்டர் அதையே சீட்டில் எழுதித் தருவதில்லை. சளியா, டைபாய்டா, டெங்குவா என்று பார்க்கிறார், ஏனென்றால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு. "தில் இல்லை" என்பதும் "உடம்பு சரியில்லை" மாதிரியான பொதுப்பேச்சுதான். அந்தப் பெண்ணின் மூன்று ஃபவுலுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாலே, மனத்திடம் என்று நாம் பேசுவது உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பது புரியும்.

## முதல் ஃபவுல்: உடம்பு கொடுத்த கூடுதல் பலம்

இருட்டில் தெருவில் நடந்து போகிறீர்கள். திடீரென்று ஒரு நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்து வருகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. வாழ்க்கையில் ஓடாத வேகத்தில் ஓடுகிறீர்கள்.

அங்கே நடந்தது இதுதான். நாய் ஆபத்து என்று மூளை முடிவு செய்த மறுகணமே, சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் கலந்துவிட்டன. இதயம் வேகமாக அடித்து, ரத்தத்தைக் கை கால் தசைகளுக்கு அனுப்புகிறது. ஓடித் தப்பிக்கும் நேரத்தில் சோறு செரிக்க வேண்டியதில்லை என்பதால் குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

போட்டிக்கு முன்னால் நடப்பதும் இதேதான். நாய்க்கும் நடுவருக்கும் உடம்பு பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. "இப்போது நடக்கப்போவது முக்கியம்" என்று மூளை நினைத்தால் போதும், அதே ஏற்பாடுகள் தொடங்கிவிடும். ஆகவே போட்டிக்கு முன் நாலு தடவை பாத்ரூமுக்கு ஓடும் பிள்ளையைத் தயவுசெய்து யாரும் கேலி செய்யாதீர்கள். அவன் கோழை இல்லை. அவனுடைய உடம்பு அதன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

உடம்பும் மூளையும் எந்த அளவுக்கு விழித்து முறுக்கேறியிருக்கின்றன என்பதை எழுச்சி நிலை என்று சொல்லலாம். பறை அடிப்பவர்கள் வாசிக்கும் முன் தோலைத் தீயில் காட்டிக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சாத பறை தொப்பென்று சத்தமில்லாமல் கிடக்கும். பதமாகக் காய்ந்தால் கணீரென்று பேசும். அளவுக்கு மேல் காய்ந்தால் தோல் கிழிந்துபோகும். எழுச்சி நிலையும் அப்படித்தான். துளியும் பதற்றம் இல்லாத பிள்ளை மந்தமாக ஓடும். பதற்றம் எல்லை மீறினால் கை கால் விறைத்துக்கொள்ளும். இடையில் ஒரு பதம் இருக்கிறது.

இந்தக் கருத்துக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. 1908-இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு வெவ்வேறு அளவில் மின்னதிர்ச்சி கொடுத்து, அவை எவ்வளவு சீக்கிரம் பாடம் கற்கின்றன என்று பார்த்தார்கள். கடினமான பாடத்தை, அதிர்ச்சி மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இல்லாமல் நடுத்தரமாக இருந்தபோதுதான் எலிகள் நன்றாகக் கற்றன. அந்தச் சோதனை எலிகளைப் பற்றியது, விளையாட்டு வீரர்களைப் பற்றியதல்ல. அதனால் இதை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளையாட்டுக்கு விளையாட்டு பதமும் மாறும். பளு தூக்குகிறவருக்குத் தேவைப்படும் முறுக்கு, துப்பாக்கி சுடுகிறவருக்குக் கேடு.

சரி, அந்தப் பெண்ணின் முதல் ஃபவுலுக்கு வருவோம். நீளம் தாண்டுகிறவர்கள் ஓடத் தொடங்கும் இடத்தில் ஓர் அடையாளம் வைப்பார்கள். அதற்கு மார்க் என்று பெயர். பயிற்சியில் பலமுறை ஓடிப் பார்த்து, எத்தனை எட்டில், அதாவது எத்தனை காலடியில், பலகைக்கு வருகிறோம் என்று கணக்கிட்டு வைப்பது அது. போட்டியன்று அட்ரினலின் ஓடும் உடம்பு ஒவ்வோர் எட்டையும் கொஞ்சம் நீட்டி வைக்கும். எட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் பதினைந்து எட்டில் பதினைந்து சென்டிமீட்டர். கால் பலகையைத் தாண்டிப் போய்விடும். அதாவது, அவளுடைய முதல் ஃபவுலுக்குக் காரணம் தைரியக் குறைவு இல்லை. அன்றைக்கு அவள் எப்போதையும்விடப் பலமாக ஓடினாள். அவளுக்குத் தேவைப்பட்டது "பயப்படாதே" என்ற வார்த்தை அல்ல, "மார்க்கை அரை அடி பின்னால் தள்ளு" என்ற வார்த்தை.

முறுக்கு அளவுக்கு மீறினால் தணிக்க ஒரு வழி எல்லோரிடமும் இருக்கிறது: மூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கும். அதனால் இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் இதயத் துடிப்பு தணியும். நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு அல்லது ஏழு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். ஐந்தாறு தடவை போதும். "ஆழமா மூச்சு இழு" என்றுதான் வழக்கமாகச் சொல்கிறார்கள். இழுப்பதைவிட விடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இன்னொன்று, வந்திருக்கும் உணர்வுக்கு வேறு பெயர் வைப்பது. "எனக்குப் பயமா இருக்கு" என்பதற்குப் பதில் "என் உடம்பு ரெடியாகுது" என்று சொல்லிக்கொள்வது. படபடப்பு குறையாது. ஆனால் படபடப்பைக் கண்டு வரும் இரண்டாவது படபடப்பு வராது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பதற்றம் என்பது உடம்பு தயாராவதன் அடையாளம். அதை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது. அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, மூச்சால் பதப்படுத்த வேண்டும்.

## இரண்டாவது ஃபவுல்: வங்கியில் போட்ட கையெழுத்து

வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால்கூட ஒரே மாதிரி விழும் கையெழுத்து, வங்கியில் அதிகாரி எதிரே உட்கார்ந்து பார்க்கும்போது மாறிவிடுகிறதே, ஏன்? "மேட்ச் ஆகலை, மறுபடி போடுங்க" என்பார். இன்னும் கவனமாகப் போடுவோம். இன்னும் மோசமாக வரும்.

ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, யோசித்துச் செய்யும் நிலையிலிருந்து யோசிக்காமலே செய்யும் நிலைக்கு அது மாறிவிடுகிறது. இதற்குத் தானியக்கம் என்று பெயர். சைக்கிள் கற்ற முதல் வாரத்தில் ஹேண்டில், பெடல், பிரேக் எல்லாவற்றையும் தனித்தனியாக நினைத்தோம். இப்போது அரட்டை அடித்துக்கொண்டே ஓட்டுகிறோம். மூளையில் யோசித்து முடிவெடுக்கும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. பழகிய அசைவுகளைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மூளையின் உட்பகுதிகளும், பின்பக்கம் இருக்கும் சிறுமூளையும். யோசிக்கும் பகுதி மெதுவாக, ஒவ்வொரு படியாக வேலை செய்யும். மற்றது மின்னல் வேகத்தில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும்.

பதற்றத்தில் நாம் செய்யும் தவறு, நன்றாக வேலை தெரிந்தவரிடமிருந்து வேலையைப் பிடுங்கி, "நானே பார்த்துக்கறேன்" என்று யோசிக்கும் பகுதியிடம் கொடுப்பதுதான். கையெழுத்து எழுத்தெழுத்தாக உடைகிறது. பந்து வீசும் மணிக்கட்டு விறைக்கிறது. ஓட்டத்தின் தாளம் அறுந்துபோகிறது.

முதல் ஃபவுலுக்கு அப்புறம் அந்தப் பெண்ணிடம் நாங்கள் எல்லோரும் என்ன சொன்னோம் தெரியுமா? "பலகையைப் பார்த்து ஓடு, காலைக் கவனி." அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அக்கறையோடுதான் சொன்னோம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் அவளுடைய கவனத்தைக் கால்மேல் திருப்பிவிட்டது. நாலு எட்டு இருக்கும்போது குனிந்து பார்த்தாள், எட்டைக் குறுக்கினாள், கால் மாறிவிட்டது. அந்த ஃபவுலில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இது உலகத் தரத்து வீரர்களுக்கும் நடக்கும். டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஜூலை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணி இறுதிப் போட்டியில், ஓடி வந்து ஒரு மேசைமேல் கை ஊன்றித் தாவும் வால்ட் பிரிவில் தாவியபோது, காற்றில் இரண்டரை முறை சுழல வேண்டியவர் ஒன்றரைச் சுற்றிலேயே நிறுத்தித் தடுமாறி இறங்கினார். அந்தரத்தில் தன் உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற உணர்வே அவருக்கு அறுந்துபோயிருந்தது. ஆண்டுக்கணக்கில் தானாக நடந்த ஒன்று திடீரென்று நடக்காமல் போனது. தலைகீழாகச் சுழலும் விளையாட்டில் இப்படி ஆனால் கழுத்து முறியலாம். அவர் போட்டியிலிருந்து விலகினார். "மனசு பலவீனம்" என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். சில நாள் கழித்து, அத்தகைய சுழற்சி தேவைப்படாத இறங்கு முறையோடு பேலன்ஸ் பீம் என்ற குறுகலான உத்திரத்தின்மேல் ஆடி வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. டோக்கியோவில் அவர் பிடிவாதமாகத் தொடர்ந்திருந்தால் பாரிஸ் இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு என்ன செய்யலாம்? கவனம் எங்கேயாவது போய்த்தான் தீரும். "யோசிக்காதே" என்று சொன்னால் யோசனைதான் கூடும். ஆகவே கவனத்துக்கு உட்கார ஓர் இடம் கொடுக்க வேண்டும். அந்த இடம் உடம்புக்கு வெளியே இருப்பது நல்லது. கூடைப்பந்தில் முழங்கையை நினைப்பதைவிட வளையத்தின் பின்விளிம்பை நினைப்பது. நீளம் தாண்டுதலில் காலைப் பார்ப்பதைவிட மணல் குழிக்கு அப்பால் இருக்கும் ஒரு மரத்தைப் பார்ப்பது.

இதோடு ஒரு சின்ன வழக்கமும் வேண்டும். ஒவ்வொரு தடவையும் மாறாமல் செய்யும் நாலைந்து செயல்கள்: மார்க்குக்குப் பின்னால் நிற்பது, ஒரு நீண்ட மூச்சு விடுவது, தொடையில் ஒரு தட்டு, மரத்தைப் பார்ப்பது, கிளம்புவது. டென்னிஸ் வீரர்கள் சர்வீஸுக்கு முன் பந்தை எண்ணித் தட்டுவது இதற்குத்தான். அதில் ராசியோ சகுனமோ கிடையாது. "இனி உன் வேலை" என்று பழகிய உடம்பிடம் பொறுப்பை ஒப்படைக்கும் முறை அது. போட்டியன்று புதிதாக ஆரம்பித்தால் பலிக்காது. பயிற்சியில் நூறு தடவை செய்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாளாவது மற்ற பிள்ளைகள் வரிசையாக நின்று பார்க்க, கொடியோடு நடுவர் நிற்க, ஒரே ஒரு வாய்ப்பு என்று வைத்துப் பழக்குவது நல்லது. பார்க்கப்படுவதும் பழக வேண்டிய ஒன்றுதான்.

ஆக, இரண்டாவது காரணம் கவனம் தப்பான இடத்துக்குப் போவது. பழகிய வேலையை யோசனை பிடுங்கிக்கொண்டால் ஆட்டம் உடையும். வெளியே ஒரு புள்ளியும், மாறாத வழக்கமும் அதற்கான மருந்து.

## மூன்றாவது ஃபவுல்: அளவுநாடாவில் எதை அளக்கிறோம்?

மூன்றாவது ஃபவுலைப் பற்றி அவளே பின்னால் சொன்னாள். மார்க்கில் நின்றபோது தாண்டுவது பற்றி அவள் நினைக்கவே இல்லை. அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தாளாம். ஸ்பைக்ஸ் ஷூ வாங்கிய கடனை நினைத்தாளாம். "நான் தாண்டலைன்னா நான் யாரு அங்கிள்?" என்று கேட்டாள்.

பதினாலு வயதில் ஒரு பிள்ளை கேட்கக் கூடாத கேள்வி அது. ஆனால் நம் ஊரில் நிறைய பிள்ளைகள் கேட்கும் கேள்வியும் அதுதான். ஏனென்றால் இங்கே விளையாட்டு வெறும் விளையாட்டாக இருப்பதில்லை. விளையாட்டு விடுதியில் இடம், கல்லூரியில் கோட்டா சீட்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று ஒரு குடும்பத்தின் கணக்கே அதன்மேல் நிற்கும். அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் கணக்கால் வாழ்க்கை மாறிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கைப் பிள்ளை முதுகில் கட்டி மார்க்கில் நிறுத்தும்போது என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே காலில் நிற்கும் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், ஒரு காற்று போதும். "நான் நீளம் தாண்டுகிறவள்" என்பது மட்டுமே அவளுடைய அடையாளம் என்றால், ஒரு தோல்வி ஒரு போட்டியின் தோல்வியாக நிற்காது. அவளே தோற்றுப்போனதாக ஆகிவிடும். அப்போது மூளை எதிரே இருப்பதை மணல் குழியாகப் பார்க்காது, உண்மையான ஆபத்தாகத்தான் பார்க்கும். முதல் ஃபவுலில் பார்த்த எழுச்சி நிலை எல்லை மீறும், இரண்டாவதில் பார்த்த யோசனைக் குறுக்கீடும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது காரணம் மற்ற இரண்டையும் கூட்டிவிடும். இதுதான் வேர்.

பதின்வயதில் இது இன்னும் கூடுதல். உணர்ச்சிகளை அடக்கி நிதானிக்க உதவும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது மிகவும் உறுத்தும் வயதும் அதுதான்.

பந்தலுக்கு நாலு கால் வேண்டும். படிப்பு ஒரு கால், தோழிகள் ஒரு கால், வீட்டில் மகள் என்ற இடம் ஒரு கால், விளையாட்டு ஒரு கால். "மற்றதெல்லாம் மறந்துடு, இதிலேயே வெறியா இரு" என்று சொல்லித்தருவதை நான் ஏற்கவில்லை. பதக்கம் கிடைத்தாலும் ஒற்றைக்கால் பந்தல் தப்பிப்பதில்லை. 2008 பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா, தன் வாழ்க்கையின் மிகப் பெரிய மன நெருக்கடி வென்ற பிறகுதான் வந்தது என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வருடக்கணக்கில் ஒரே குறியாக இருந்தது கைக்கு வந்ததும், அடுத்து எதற்காக எழுவது என்று தெரியாமல் போனது.

அதே பிந்த்ராவுக்கு நாலு வருடம் முன்னால் நடந்ததைச் சொன்னால் இன்னொரு விஷயமும் புரியும். 2004 ஏதென்ஸ். தகுதிச் சுற்றில் மூன்றாவதாக வந்தவர், இறுதிச் சுற்றில் ஏழாவது இடத்துக்குப் போனார். அவர் நின்று சுட்ட இடத்தில் தரை ஓடு ஒன்று சரியாகப் பொருந்தாமல் அசைந்துகொண்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது. ஒரு மயிரிழை அசைந்தாலே குறி தவறும் விளையாட்டு அது. அவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருந்தார். அந்தத் தரை ஓடு அவர் பதித்தது இல்லை.

இலக்குகளை இரண்டாகப் பிரிக்கச் சொல்வது இதனால்தான். "முதலிடம் வரவேண்டும்" என்பது முடிவு இலக்கு. அதில் எதிராளி, நடுவர், காற்று, தரை என்று நம் கையில் இல்லாதவை பாதிக்கு மேல். "கடைசி ஆறு எட்டில் தலையைக் குனியாமல் வருவேன்" என்பது செயல் இலக்கு. அது முழுக்க நம் கையில். எட்டரை பஸ்ஸுக்கு எட்டேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவது நம் வேலை. பஸ் வருவது நம் வேலை அல்ல. முடிவு இலக்கு வைக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. அது வீட்டுச் சுவரில் இருக்கட்டும். மார்க்கில் நிற்கும்போது மனதில் இருக்க வேண்டியது செயல் இலக்கு ஒன்று மட்டும்.

குகேஷ் 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காய்களோடு ஆடி, அப்போதைய சாம்பியனான சீன வீரர் டிங் லிரெனிடம் தோற்றார். வயது 18. மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்துச் சமன் செய்தார். பதினொன்றில் ஜெயித்து, பன்னிரண்டில் மறுபடி தோற்றார். டிசம்பர் 12 அன்று பதினான்காவது ஆட்டத்தை வென்று, 7.5–6.5 என்ற கணக்கில் பட்டம் வாங்கினார். இதைப் பிறவித் துணிச்சல் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு வேலை செய்த மனப்பயிற்சியாளர் பேடி அப்டன், குகேஷோடு அந்தப் போட்டிக்காக வேலை செய்தார். தசைக்குப் பயிற்சி தருவதைப் போல மனதுக்கும் தந்திருக்கிறார்கள்.

மூன்றாவது காரணத்தின் சாரம் இது: தோற்றால் பிள்ளையிடமிருந்து எது பறிபோகிறது என்பதைப் பொறுத்தே பயத்தின் அளவு அமைகிறது. அன்பும் மரியாதையும் பறிபோகும் என்று நினைக்கும் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது.

## அவன் ஏன் என்னைவிட வேகம்?

இன்னொரு குழப்பத்தை இங்கே சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிப்பார்கள். இந்தப் பிரிவு பிறந்த தேதியைப் பார்க்கிறது, உடம்பைப் பார்ப்பதில்லை. பையன்களுக்குப் பருவ வளர்ச்சி 9 வயதிலும் தொடங்கலாம், 14 வயதிலும் தொடங்கலாம். இரண்டுமே இயல்புதான். பெண்களுக்கு அது 8 முதல் 13 வரை. எலும்பும் தசையும் எந்த அளவுக்கு முதிர்ந்திருக்கின்றன என்பதை உயிரியல் வயது என்கிறார்கள். பதிமூன்று வயதுப் பையன்கள் இரண்டு பேர் ஒரே கோட்டில் நிற்கலாம். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் இன்னும் குழந்தை உடம்போடு இருப்பான். ஓட்டத்தின் முடிவு அவர்களுடைய திறமையைவிட அந்த வித்தியாசத்தைத்தான் காட்டும்.

ஆகவே பதிமூன்று வயதில் தோற்பவனுக்குத் திறமை இல்லை என்றும், ஜெயிப்பவன் பிறவி வீரன் என்றும் எழுதிவிடாதீர்கள். முந்தி வளர்ந்த பையனுக்கும் இதில் ஆபத்து உண்டு. பதினாறு வயதில் மற்றவர்கள் உயரத்தில் எட்டிப் பிடிக்கும்போது, "எனக்கு என்ன ஆச்சு?" என்று இடிந்துபோவான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

## திரும்பிப் போகும் வண்டியில்

பிள்ளையின் விளையாட்டு மனம் மைதானத்தில் உருவாவதாக நினைக்கிறோம். பெரும்பங்கு, போட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் வண்டியில்தான் உருவாகிறது. அப்பா ஓட்டுகிறார், பிள்ளை பின்னால் பையோடு. அந்த அரை மணி நேரத்தில் பேசப்படுவதும் பேசப்படாததும் நெஞ்சில் நிற்கும். "அந்தக் கடைசிக் கேட்சை ஏண்டா விட்ட?" என்று கேட்க வேண்டியதில்லை. ஏன் விட்டோம் என்று அவனே நூறு தடவை ஓட்டிப் பார்த்திருப்பான். மௌனமும் நல்லதில்லை. ஜெயித்த அன்றைக்கு பரோட்டா கடையில் நின்று, தோற்ற அன்றைக்கு நிற்காமல் போகும் வண்டி, ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பாடத்தைச் சொல்லிவிடுகிறது.

முதல் கேள்வி "எத்தனாவது வந்த?" என்று இல்லாமல் "சாப்பிட்டியா?" என்று இருக்கட்டும். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே இருக்கிறது. நீ என்ன ஆனாலும் எங்கள் பிள்ளை என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆட்டத்தைப் பற்றி அடுத்த நாள் பேசலாம். அப்போதும் "சூப்பர்", "மோசம்" என்பதைவிட, "ரெண்டாவது ரவுண்டுல மூச்சு வாங்கிட்டு மெதுவா ஆரம்பிச்ச, அது நல்லா இருந்துச்சு" என்பது போல, அவன் மறுபடி செய்யக்கூடிய ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால் அது உதவும்.

## பொறுத்துக்கொள்வது வேறு, மறைப்பது வேறு

மனத்திடம் என்றால் வலியைச் சொல்லாமல் ஆடுவது என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். பயிற்சியின் களைப்பும் எரிச்சலும் ஒருவகை, அதைத் தாங்கிப் பழகலாம். ஒரே இடத்தில் குத்தும் வலி, தூக்கத்தில் எழுப்பும் வலி, வீக்கம் இவை வேறு வகை. வளரும் வயதில் எலும்பின் நுனிகளில் இருக்கும் மென்மையான வளர்ச்சிப் பகுதிகள் இன்னும் இறுகியிருக்காது. அங்கே அடிபட்டதை மறைத்தால் விலை பெரிது. "கோச், வலிக்குது" என்று சொல்லவும் தைரியம் வேண்டும். அப்படிச் சொல்லும் பிள்ளையைத் திட்டாத பயிற்சியாளர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

தூக்கமும் இதில் சேர்த்திதான். 13 முதல் 18 வயது வரை இரவில் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். காலை ஐந்தரைக்கு மைதானம், பகலில் பள்ளி, இரவு ஒன்பது வரை டியூஷன் என்று ஓடும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? தூக்கம் குறைந்த மூளைக்குச் சின்னத் தோல்வியும் பெரிதாகத் தெரியும். மனப்பிரச்சினை என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு தூக்கப் பிரச்சினைதான். சாப்பாடும் அப்படியே. கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோனால், "விளையாடுறவங்களுக்கு அப்படித்தான்" என்று விடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உடம்புக்குக் கிடைக்கவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

போட்டிப் பதற்றம் போட்டியோடு போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த எதிலும் பிடிப்பில்லாமல், யாரோடும் பேசாமல் பிள்ளை ஒதுங்கினால் அது வேறு விஷயம். அதற்கு மனநல ஆலோசகரோ மருத்துவரோ வேண்டும், பயிற்சியாளரின் உற்சாகப் பேச்சு போதாது. இந்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். பிள்ளை உயிரை விடுவது பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

## மார்க்கில் மறுபடி

அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு வருடம் என்பதால் வாரத்துக்கு நாலு நாள்தான் மைதானத்துக்கு வருகிறாள். அவளுடைய அப்பா சாயங்காலம் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நிற்பார். தாண்டுவதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. அவர் சட்டைப் பையில் கடலை மிட்டாய் இருக்கும்.

போன வாரம் பத்து ஓட்டம் ஓடினாள். ஒவ்வொன்றுக்கு முன்னாலும் அதே வரிசை: நீளமாக ஒரு மூச்சு விடுவாள், தொடையைத் தட்டுவாள், குழிக்கு அப்பால் இருக்கும் வேப்பமரத்தைப் பார்ப்பாள். பத்தில் மூன்று ஃபவுல். ஓரமாக வந்து உட்கார்ந்து நோட்டை எடுத்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன். "3 ஃபவுல். மூணும் காத்து பின்னாலிருந்து அடிச்சப்போ" என்று இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் போய், மார்க்கை ஒரு பாதம் பின்னால் தள்ளி வைத்தாள்.